பழைய ட்ரம்ஸ் செட் எங்கிருந்து வந்தது? பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் பழைய ட்ரம்ஸ் செட் ஒன்று விற்பனைக்கு வந்தால் அதோடு ஒரு கதையும் சேர்ந்து வரும். "இது இங்கிலிஷ் நேவிக்காரன் போகேக்க எங்கட அப்பப்பாவுக்குக் குடுத்திட்டுப் போன சாமான் தம்பி." உவர்மலையில் ஒரு வீட்டில் எனக்கும் இதைத்தான் சொன்னார்கள். சாமான் அறையில், பழைய தையல் மெஷினுக்குப் பின்னால், ஒரு பேஸ் ட்ரம், ஒரு டொம், ஒரு ஃப்ளோர் டொம், ஒரு ஸ்னேயர், இரண்டு சிம்பல், ஒரு பெடல். ட்ரம்களின் வெளியே ஒட்டின, ஒரு காலத்தில் முத்து வெள்ளையாக இருந்த மேல்தாள் நெய் நிறத்துக்குப் போயிருந்தது. பேஸ் ட்ரம்மின் முன் தோலில் ஏதோ எழுதி அழித்த தடம். விலை கதைத்தேன், ஓட்டோவில் இரண்டு தடவையாக வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அந்தக் கதையில் பாதி உண்மை, பாதி இல்லை. எது எந்தப் பாதி என்று கண்டுபிடிக்க மூன்று மாதம் போனது. அதற்குப் பிறகு ஊரில் இன்னும் சில செட்டுகளைப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன், இப்போது எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் நம்புவது என்று எனக்கு ஒரு ஒழுங்கு வந்துவிட்டது. அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

தொடங்க முதல்: கழுவாதீர்கள்

வாங்கின உடனே எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். சவர்க்காரத் தண்ணி, பிரஷ், குரோம் பொலிஷ். தயவுசெய்து வேண்டாம். தூசி, பழைய ஸ்டிக்கரின் பசை, உள்ளே பென்சிலால் கிறுக்கின எழுத்து, துருவின் தடம் எல்லாமே உங்களுக்குத் தகவல். ஈரத் துணியால் ஒரு தடவை துடைத்தாலே மை முத்திரை கரைந்துபோகும், அது போனால் போனதுதான்.

தேவையான சாமான்கள் கொஞ்சம்தான்: ட்ரம் கீ (தோலை இறுக்கித் தளர்த்துகிற சாவி), தட்டை ஸ்குரூ டிரைவர், அங்குலம் போட்ட அளவு நாடா, டோர்ச், சின்னக் காந்தம், நிறையச் சின்னப் பொலித்தீன் பைகள், ஒரு கொப்பி. லக் என்பது ட்ரம்மின் பக்கத்தில் பூட்டின, தோலை இறுக்கும் கம்பி உள்ளே போய் இறுகுகிற உலோகத் துண்டு. கழற்றும் ஒவ்வொரு லக்கின் திருகாணியும் வொஷரும் தனித்தனிப் பையில், எந்த ட்ரம்மில் எந்த இடம் என்று எழுதிப் போட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஐஸ்கிரீம் டப்பாவில் கொட்டினால், எந்தத் திருகாணி எந்த ட்ரம்மினுடையது என்ற தகவலையும் அதோடு கொட்டிவிட்டீர்கள். கழற்ற முதல் எல்லாப் பக்கமும் போனில் படம் எடுங்கள். டோர்ச்சைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்து எடுங்கள். நேராக அடித்த வெளிச்சத்தில் தெரியாத கீறலும் எழுத்தும் சரிந்த வெளிச்சத்தில் எழும்பி வரும். என் பேஸ் ட்ரம் தோலில் அழிந்திருந்த பெயரின் கடைசி நான்கு எழுத்து அப்படித்தான் தெரிந்தது: "ழு", "வி", "ன", "ர்". குழுவினர். யாரோ ஒரு இசைக்குழு.

முதலாவது: அதை ஒரு செட் என்று நினைக்காதீர்கள்

இதுதான் மிக முக்கியம். நாற்பது ஐம்பது வருடம் ஓடின ட்ரம்ஸ் செட் ஒன்று பிறந்த மாதிரியே முழுசாக இருப்பது அருமை. ஒரு டொம் உடைந்திருக்கும், இன்னொன்று வந்திருக்கும், ஸ்னேயரை யாரோ இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே ஒவ்வொரு ட்ரம்மையும் தனி ஆளாக நிறுத்தி விசாரியுங்கள், பிறகுதான் யார் யாருக்குச் சொந்தம் என்று பாருங்கள்.

நான்கையும் வரிசையாக வைத்து ஐந்து விஷயம் ஒப்பிடுவேன்: லக்கின் வடிவம், மேல்தாளின் நிறமும் கோலமும், ரிம்மின் (தோலைப் பிடித்திருக்கும் வளையம்) விளிம்பு மடிந்திருக்கும் விதம், காற்றுத் துளையின் வளையம், ஷெல்லின் (ட்ரம்மின் உருளை உடம்பு) உட்புறம். முதல் நான்கையும் யாரும் மாற்றலாம். உட்புறத்தை மாற்றுவது கஷ்டம். என்னுடையதில் பேஸ், டொம், ஃப்ளோர் டொம் மூன்றும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஸ்னேயர் மட்டும் வெளியில் அதே முத்து வெள்ளை, உள்ளே முற்றிலும் வேறு மரம். அதைப் பார்த்த இடத்திலேயே எனக்குக் கேள்வி இரண்டாகப் பிரிந்துவிட்டது.

பட்ஜ் சொல்வதைக் கேளுங்கள், உடனே நம்பாதீர்கள்

பட்ஜ் என்பது பெரும்பாலும் காற்றுத் துளையின் வளையத்தால் அல்லது இரண்டு சின்ன ஆணியால் பிடிக்கப்பட்ட ஒரு தகடு. ஐந்து நிமிடத்தில் மாற்றலாம். பட்ஜைச் சுற்றி வேறு வடிவத்தில் ஒரு நிழல் தெரிந்தால், பாவிக்காத ஆணித் துளை இருந்தால், அது அந்த ட்ரம்மோடு பிறந்தது இல்லை.

மாற்றவில்லை என்று தெரிந்தால் பட்ஜ் நிறையச் சொல்லும். லட்விக் அமெரிக்கக் கம்பனி, சிகாகோ. அதன் பழைய பட்ஜ் மேலே அகன்று கீழே ஒடுங்கின வடிவம், கீஸ்டோன் என்பார்கள். அதில் தொடர் இலக்கம் அடிக்கத் தொடங்கினது 1963இன் கடைசியில். ஆகவே இலக்கம் இல்லாத கீஸ்டோன் அதற்கு முந்தியது. 1969 முடிவோடு நீலமும் ஒலிவ் பச்சையும் கலந்த பட்ஜ் வந்தது. இலக்கத்தை மட்டும் வைத்து வருடத்தை அடித்துச் சொல்லாதீர்கள், பட்ஜுகள் பெட்டியில் இருந்து கைக்கு வந்தபடி அள்ளிப் போடப்பட்டவை, ஒழுங்கு வரிசை கிடையாது. கிரெட்ச் என்றால் வட்ட பட்ஜ் பழையது, 1971 அளவில் எண்கோணத்துக்கு மாறினது. ஸ்லிங்கர்லாண்ட் பட்ஜில் நைல்ஸ் என்ற ஊர் இருந்தால் 1960க்குப் பிந்தியது, அதற்கு முன் அந்தக் கம்பனியும் சிகாகோதான்.

எங்கள் ஊருக்கு அமெரிக்க ட்ரம் வந்தது குறைவு. இங்கே நான் அதிகம் பார்ப்பது இங்கிலாந்தும் ஜப்பானும். இங்கிலாந்து என்றால் முதலில் பிரிமியர், 1922இல் லண்டனில் தொடங்கின கம்பனி, இரண்டாம் உலகப் போரில் லண்டன் தொழிற்சாலை குண்டுவீச்சில் அழிந்தபின் லெஸ்டர் பக்கம் போனது. அதே கம்பனியின் மலிவு வரிசை ஒலிம்பிக். பின்னாளில் அதன் கையில் வந்தது பெவர்லி. பூசி அன்ட் ஹோக்ஸ் செய்தது அஜாக்ஸ், டலஸ் செய்தது கார்ல்டன். இந்தப் பெயர்களை இங்கே யாரும் பெரிதாக மதிப்பதில்லை, பட்ஜைப் பார்த்துவிட்டு "பெயர் தெரியாத சாமான்" என்று எறிந்தும் இருக்கிறார்கள். எனக்கு அதுதான் மனம் நோகும்.

நாட்டின் பெயரையும் வடிவாகப் பாருங்கள். மேற்கு ஜெர்மனி என்று இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் 1993க்கு முந்தியது. தமா என்று பெயர் இருந்தால் 1974க்குப் பிந்தியது, தமாவைச் செய்கிற ஹொஷினோ கம்பனி 1965இல் இருந்து அதுவரை செய்தது ஸ்டார் என்ற பெயரில். யமாஹா ட்ரம் செய்யத் தொடங்கினதே 1967இல். இப்படி நாடும் பெயரும் சேர்ந்து ஒரு வேலி போட்டுத் தரும், வருடம் அந்த வேலிக்குள்தான்.

பட்ஜில் யாருக்கும் தெரியாத ஒரு ஆங்கிலப் பெயர், ஒரு கிரீடமோ சிங்கமோ, கீழே சின்னதாக மேட் இன் ஜப்பான்? அப்படியென்றால் ஸ்டென்சில் செட். 60களில் பேர்ல், ஸ்டார் போன்ற ஜப்பானியத் தொழிற்சாலைகள் ஒரே மாதிரி ட்ரம்மைச் செய்து, வாங்குகிற வியாபாரி கேட்ட பெயரை ஒட்டிக் கொடுத்தன. அந்தப் பெயரைத் துரத்திக்கொண்டு போவதில் பயன் இல்லை. பெயர் கடைக்காரனுடையது. ட்ரம் யாருடையது என்பதற்கு உள்ளே பார்க்க வேண்டும்.

தோலைக் கழற்றி உள்ளே பாருங்கள்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ரிம்மைச் சுற்றி எதிர் எதிராக, ஒவ்வொன்றிலும் அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்துங்கள். ஒரு பக்கத்தை முழுக்கக் கழற்றிவிட்டு மறுபக்கம் போனால் பழைய ரிம் நெளியும்.

தோல் வந்ததும் டோர்ச்சை உள்ளே வையுங்கள். மரம் செம்பழுப்பாக, கரடுமுரடாக, ஊசியால் குத்தின மாதிரி நீளமான துவாரங்களோடு, பழைய ஒட்டுப்பலகைக் கதவின் உட்பக்கம் போல இருந்தால் அது லுவான், பிலிப்பைன்ஸ் மஹோகனி என்று விற்கப்பட்ட மரம். மூன்று அடுக்கு மெல்லிய ஷெல், மேலும் கீழும் விளிம்பில் ஒட்டின உள்வளையம். அநேகமாக 60களின் ஜப்பான். மரம் வெளிறி, நெருக்கமான நாராக, தொட்டால் வழுவழுப்பாக, ஷெல் மெல்லியதாக, உள்வளையத்தோடு இருந்தால் பிரிமியரை நினையுங்கள், அவர்கள் பாவித்தது பர்ச். பீச் மரத்தின் குறுகிய கோடுகள் தெரிந்தால் ஜெர்மன் கம்பனியான சோனரா என்று பாருங்கள். உள்ளே வெள்ளிப் பூச்சு, உள்வளையம் இல்லை என்றால் கிரெட்ச். சாம்பலும் வெள்ளையும் புள்ளி புள்ளியாகத் தெளித்த பூச்சு அமெரிக்க ரொஜர்ஸிலும் சில பழைய லட்விக்குகளிலும் இருக்கும்.

அடுக்கை எண்ண விளிம்பைப் பார்க்க வேண்டும். அங்கே அழுக்கு அடைத்திருந்தால் சுரண்டாதீர்கள், காற்றுத் துளையின் வளையம் தளர்ந்திருந்தால் அந்த வழியாக ஷெல்லின் குறுக்குவெட்டைப் பார்க்கலாம். லட்விக் 1976 அளவு வரை மூன்றடுக்கும் உள்வளையமும், பிறகு ஆறடுக்கு.

அப்புறம் எழுத்து. லட்விக்கின் 60களின் ட்ரம்களில் உள்ளே சிவப்பு அல்லது கறுப்பு மையில் திகதி முத்திரை இருக்கும். பிரிமியரிலும் சில நேரம் முத்திரை கிடைக்கும். ஆனால் தொழிற்சாலை முத்திரைக்கு மட்டும் தேடாதீர்கள். பழுது பார்த்தவர் எழுதின பென்சில் கணக்கு, குழுவின் பெயர், பாடசாலை இருப்பு இலக்கம், கோயில் உபயம், எதுவும் இருக்கலாம். பேஸ் ட்ரம்மின் உள்ளே சத்தத்தை அடக்க ஒட்டின துணியைக் கூட எறியாமல் படம் எடுங்கள்.

இன்னொன்று, இது எங்கள் கரையோரத்துக்கே உரியது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இங்கே பல ட்ரம்களின் உள்ளே ஒரு தண்ணிக் கோடு இருக்கிறது. அதற்குக் கீழே மரம் கருத்து, அடுக்கு விலகி, திருகாணிகளில் வெள்ளையாக உப்பு பூத்து நிற்கும். ஒரே வீட்டில் ஒன்றாக இருந்ததாகச் சொல்லப்படும் நான்கு ட்ரம்மில் மூன்றில் கோடு இருந்து ஒன்றில் இல்லை என்றால், அந்த ஒன்று வேறு இடத்தில் இருந்தது, அல்லது பின்னால் வந்து சேர்ந்தது. உயரமான இடத்தில் வைத்திருந்தார்களா என்று வீட்டுக்காரரிடம் மெதுவாகக் கேளுங்கள். அந்த நாளைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்பதை மறக்காமல் கேளுங்கள்.

லக்கைக் கழற்றினபோது

ஃப்ளோர் டொம்மின் ஒரு லக் மட்டும் மற்றவையைப் போல உள்ளே கிலுகிலுக்கவில்லை. அந்தக் கால லக்குகள் பலவற்றின் உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கும், அடிக்கும்போது அது அதிர்ந்து சத்தம் போடும். அதை நிறுத்தப் பஞ்சு வைப்பார்கள், ஃபெல்ட் வைப்பார்கள். இரண்டு திருகாணியையும் கழற்றி லக்கை எடுத்தேன். முதலில் கண்ணில் பட்டது லக் இருந்த இடத்தின் நிறம். சுற்றிலும் நெய் மஞ்சள், லக்கின் அடியில் மட்டும் அன்று கடையில் இருந்து வந்த மாதிரிப் பால் வெள்ளை, முத்துக் கோலம் பளிச்சென்று. லக்கின் கால் வடிவம் அச்சொட்டாக அந்த வெள்ளையோடு பொருந்தியது, பக்கத்தில் வேறு துளை இல்லை. அதாவது இந்த லக்கும் இந்த மேல்தாளும் ஆரம்பத்தில் இருந்தே ஒன்றாக இருந்தவை.

பிறகு லக்கின் உள்ளே பார்த்தேன். ஸ்பிரிங்கைச் சுற்றி இறுக்கமாகச் சுருட்டின கடதாசி. விளக்கின் கீழ் வைத்து, காய்ந்த வெற்றிலையை விரிக்கிற மாதிரி மெதுவாக விரித்தேன். தமிழ்ப் பத்திரிகையின் ஓரம். சினிமா விளம்பரத்தின் துண்டு, மேலே பாதி வெட்டுப்பட்ட திகதி, வருடம் மட்டும் முழுசாக: 1969.

இதில் அவசரப்படக் கூடாது. அந்தக் கடதாசி ட்ரம் செய்யப்பட்ட வருடத்தைச் சொல்லவில்லை. 1969இல் அல்லது அதற்குப் பிறகு ஒருநாள் தமிழ் வாசிக்கும் ஒருவர் இந்த லக்கைத் திறந்தார் என்று மட்டும்தான் சொல்கிறது. பழைய பேப்பர் வீட்டில் வருடக்கணக்கில் கிடப்பதுதானே. இருந்தாலும் வேறு சாட்சிகளோடு சேர்த்தால் இதற்குப் பெரிய மதிப்பு. ஆகவே எந்த லக்கின் உள்ளேயும் இருக்கும் பஞ்சையோ கடதாசியையோ குப்பையில் போட முதல் விரித்துப் பாருங்கள்.

லக்கின் வடிவத்தையே வைத்துக் கம்பனியைச் சொல்லிவிடலாம் என்று சிலர் நினைப்பார்கள். கவனம். ஜப்பானியத் தொழிற்சாலைகள் லட்விக், ஸ்லிங்கர்லாண்ட், ரொஜர்ஸ் லக்குகளை அப்படியே பார்த்துச் செய்தன. வடிவம் ஒன்றாக இருந்தாலும் வார்ப்பு மெல்லியது, குரோம் மெல்லியது, தூக்கிப் பார்த்தால் கை சொல்லும்.

அளவும் திருகுப் புரியும்

ஷெல்லின் வெளி விட்டத்தை அளவு நாடாவால் இரண்டு மூன்று திசையில் அளந்து பாருங்கள், பழைய ஷெல் முழு வட்டமாக இராது. இன்றைய 14 அங்குலத் தோல் சிரமம் இல்லாமல் உட்கார வேண்டும் என்பதற்காக 14 அங்குல ட்ரம்மின் ஷெல் உண்மையில் அதைவிட மயிரிழை சின்னதாக இருக்கும். 60களின் பிற்பகுதி வரை இங்கிலாந்தில் செய்த ட்ரம்கள் அப்படி இல்லை, அவை சற்றுப் பெரியவை. புதுத் தோல் இறங்காது, அல்லது கையால் அழுத்தித்தான் இறங்கும். என்னுடைய ஸ்னேயரில் கொழும்பில் வாங்கின புதுத் தோல் பாதியில் நின்றபோது கடைக்காரரைத்தான் முதலில் குறை நினைத்தேன். தோல் சரிதான், ட்ரம்தான் பழைய இங்கிலாந்து அளவு. விற்கிறவருக்குக் குறையாகத் தெரியும் இந்த விஷயம் நமக்கு நல்ல சாட்சி. ஷெல்லை உரசிச் சின்னதாக்கித் தரலாம் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள், பழைய அளவுக்குத் தோல் செய்து தருகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

டென்ஷன் ரொட்டின் (தோலை இறுக்கும் கம்பி) திருகுப் புரியும் அப்படித்தான். இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் அமெரிக்க அளவு. பழைய இங்கிலாந்து லக்கில் அது ஒன்றிரண்டு சுற்றுப் போய் இறுகும். இறுகினால் நிறுத்துங்கள். குறட்டைப் போட்டு முறுக்கினால் உள்ளே இருக்கும் சுரையின் புரி அழியும், அந்தச் சுரைக்கு இங்கே எங்கே போவது? ரொட்டின் தலையில் சதுரத்துக்குப் பதிலாகத் தட்டை ஸ்குரூ டிரைவருக்கான வெட்டு இருந்தால் பழைய சோனர் பக்கமும் ஒரு கண் வையுங்கள்.

காந்தமும் கற்பூரமும்

காந்தத்தை ரிம்மில், லக்கில், உலோக ஸ்னேயர் என்றால் ஷெல்லில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாமல் பாரமாக இருந்தால் பித்தளை அல்லது நாக வார்ப்பு. ஒட்டாமல் இலேசாக, குரோம் பொரிப் பொரியாக எழும்பி இருந்தால் அலுமினியம், லட்விக்கின் சுப்ராஃபொனிக் ஸ்னேயர் அப்படித்தான் இருக்கும். பிரிமியரின் நல்ல ட்ரம்களில் ரிம் வார்ப்பு, தடிப்பாக, காந்தம் ஒட்டாது. ஒரே ட்ரம்மின் மேல் ரிம் ஒட்டி, கீழ் ரிம் ஒட்டாவிட்டால் ஒன்று மாறியிருக்கிறது என்று கொப்பியில் எழுதுங்கள். பளபளப்பு நீலம் கலந்து தெரிந்தால் குரோம், மஞ்சள் கலந்து தெரிந்தால் நிக்கல், நிக்கல் பொதுவாகக் கூடப் பழையது.

மேல்தாளுக்கு ஒரு எளிய வழி. ஒளிந்த இடம் ஒன்றில், விளிம்புப் பக்கம், பெருவிரலால் சூடு வரும்வரை வேகமாகத் தேய்த்து உடனே மணந்து பாருங்கள். கற்பூர வாசனை வந்தால் அது செல்லுலொயிட், அதைச் செய்யும்போது கற்பூரம் சேர்ப்பார்கள். கோணேசர் கோயிலில் தீபம் காட்டும்போது வருகிற அதே வாசனை ட்ரம்மில் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆனால் நெருப்புக்குச்சி, லைட்டர், சூடான கம்பி எதையும் கிட்டக் கொண்டுபோகாதீர்கள், செல்லுலொயிட் பக்கென்று பற்றும். வாசனை இல்லாவிட்டால் பின்னாளில் ஒட்டின வேறு பிளாஸ்டிக்காக இருக்கலாம். தாளின் இரண்டு முனையும் சந்திக்கும் மூட்டு, லக்கின் அடியில் உள்ள நிறம், பட்ஜின் அடியில் உள்ள நிறம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

தோலைப் பற்றி அதிகம் இல்லை. பிளாஸ்டிக் தோல் சந்தைக்கு வந்தது 1957 அளவில், அதற்கு முன் எல்லாம் கன்றுத் தோல். தோல் மாறுகிற சாமான், ஆகவே பிளாஸ்டிக் தோல் இருப்பதால் ட்ரம் புதியது ஆகாது. மர வளையத்தில் சுற்றின கன்றுத் தோல் கிடைத்தால் மட்டும் பத்திரப்படுத்துங்கள். மாரியில் தொய்ந்து கச்சான் காற்றில் இறுகி அது படுகிற பாட்டில் இங்கே ஒன்று மிஞ்சியிருப்பதே பெரிய விஷயம்.

சிம்பலும் பெடலும்

இவை செட்டின் வயதைச் சொல்லா, ஆனால் எந்த வழியாக வந்தது என்று சொல்லும். சிம்பலின் மணிப் பகுதிக்குக் கிட்ட அடித்த முத்திரையை மெல்லிய கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். சூப்பர் சின், சின், குருட் என்று இருந்தால் மூன்றும் பிரிமியர் வரிசை, குருட் மலிவானது. பைஸ்டே 2002 என்றால் (2002 வரிசையின் பெயர், வருடம் இல்லை) 1971க்குப் பிந்தியது. பெடலின் மிதி தகட்டில் ஸ்பீட் கிங் என்று வார்த்திருந்தால் லட்விக், 1937இல் இருந்து வருகிற பெடல், ஸ்பிரிங் தூணுக்குள் ஒளிந்திருக்கும். இந்தியாவில் செய்த ட்ரம்மும் இங்கே நிறைய வந்திருக்கிறது, மீரட்டின் ஜாலி கோத்திப் பகுதி பாண்ட் வாத்தியங்களுக்குப் பேர்போனது. பாடசாலை பாண்டின் சைட் ட்ரம்மை வெட்டி டொம் ஆக்கினதையும் ஒரு தடவை பார்த்தேன். அதைச் செய்தவரின் கைவேலை நேர்த்தியாக இருந்தது.

ஊரின் நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள்

இப்போதுதான் விற்றவர் சொன்ன கதைக்குத் திரும்ப வேண்டும், அதற்கு முன்னால் இல்லை. பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தது 1957இல். ஆகவே "நேவிக்காரன் போகேக்க குடுத்தது" என்றால் ட்ரம் 1957க்கு முன் செய்யப்பட்டிருக்க வேண்டும். 60களின் ஜப்பான் லுவான் ட்ரம் அந்தக் கதைக்குள் அடங்காது. பிற்காலத்திலும் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வந்தன, மாலுமிகள் சாமான் விற்றார்கள் என்பதையும் மனதில் வைத்திருங்கள், ஆனால் அது வேறு கதை.

1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அந்த வருடங்களில்தான் தமிழ்ப் பொப் இசை ஓங்கி நின்றது, ஒவ்வொரு ஊரிலும் ஒரு குழு. புதுச் சாமான் வராது, தேவையோ கூட. அதனால் உள்ள செட்டுகள் கை மாறின, பிரிக்கப்பட்டன, ஒட்டப்பட்டன. செட் ஒன்று கலவையாக இருந்தால் அந்தக் காலத்தைத் தான் முதலில் நினைப்பேன். 1977க்குப் பிறகு சந்தை திறந்தது, மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்களும் வரும்போது கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு போர், இடப்பெயர்வு. செட்டின் ஒரு துண்டு மட்டும் ஒரு வீட்டில் தனியாகக் கிடப்பதற்குப் பல நேரம் அதுதான் காரணம்.

கேட்க வேண்டிய ஆட்களைத் தேடிப் போங்கள். தேவாலயப் பாடகர் குழுவில் இருந்த பெரியவர்கள், பாலையூற்றுப் பக்கம் கஃப்ரிஞ்ஞா ஆட்ட இசை வாசித்த பறங்கியர் குடும்பங்கள், கோயில் திருவிழா இன்னிசைக் கச்சேரிகளில் வாசித்தவர்கள். போனில் கேட்காதீர்கள். ஒரு ட்ரம்மையோ பெரிதாக எடுத்த படத்தையோ கையில் கொண்டுபோங்கள். "இது எந்த வருசம்?" என்று கேட்டால் யாருக்கும் நினைவு வராது. "ஐயா, இதில ஆர் வாசிச்சவை? எந்தக் கல்யாணத்தில?" என்று கேளுங்கள், வரும்.

நான் உவர்மலை வீட்டுக்குத் திரும்பப் போனேன். விற்ற அண்ணை வெளியே போயிருந்தார், அவருடைய அப்பம்மா திண்ணையில் இருந்தார். ஸ்னேயரை மட்டும் கொண்டுபோயிருந்தேன். இங்கிலாந்து அளவு, பர்ச் ஷெல், உள்ளே வெளிறின மரம், வெளியே மட்டும் பின்னாளில் ஒட்டின முத்து வெள்ளைத் தாள், அதன் மூட்டுக்கு அடியில் பழைய கறுப்பு நிறம் கோடாகத் தெரிகிறது என்பதுவரை எனக்குத் தெரியும். அவர் அதை மடியில் வைத்துத் தடவிப் பார்த்தார்.

"இந்தச் சின்னன்தான் மோனை நேவிக்காரன் குடுத்தது. அப்ப இது கறுப்பு. மற்றதெல்லாம் என்ர தம்பி கொழும்பில வாங்கினவன், அவன்தான் இதுக்கும் வெள்ளை ஒட்டினவன்."

பேரன் பொய் சொல்லவில்லை. ஒரு ட்ரம்மின் கதையை நான்கு ட்ரம்முக்கும் போர்த்திச் சொல்லியிருக்கிறார்.

எழுதி வையுங்கள்

ஒவ்வொரு ட்ரம்முக்கும் கொப்பியில் ஒரு பக்கம். இடது பக்கம் நீங்கள் கண்ணால் கண்டது: மரம், அடுக்கு, அளவு, முத்திரை, காந்தம். வலது பக்கம் மற்றவர் சொன்னது, யார் சொன்னார், எப்போது சொன்னார் என்று. இரண்டையும் கலக்காதீர்கள். வருடத்தை ஒற்றை இலக்கமாக எழுதாமல் "இதற்குப் பிறகு, இதற்கு முன்" என்று எழுதுங்கள். என் ஃப்ளோர் டொம்முக்கு நான் எழுதினது: ஜப்பான், லுவான் மூன்றடுக்கு, 60கள், இறக்குமதி இறுக முதல் கொழும்பில் வாங்கினது, 1969இல் அல்லது பிறகு ஒருவர் லக்கைத் திறந்திருக்கிறார். ஸ்னேயருக்கு: இங்கிலாந்து, பர்ச், பழைய அளவு, முதல் நிறம் கறுப்பு, கடற்படையினர் ஒருவரிடம் இருந்து வந்ததாக வீட்டுப் பெரியவர் நேரில் சொன்னது.

பாகம் மாற்ற வேண்டி வந்தால் மாற்றுங்கள், வாசிக்கத்தானே ட்ரம். கழற்றின பழையதை மட்டும் எறியாமல் ஒரு பையில் போட்டு அதே ட்ரம்மோடு வையுங்கள். உரசிப் பெயின்ட் அடிப்பதும் மேல்தாளை உரிப்பதும் மட்டும் வேண்டாம்.

அந்த 1969 கடதாசியை நான் திரும்ப லக்குக்குள் வைக்கவில்லை, புதுப் பஞ்சு வைத்தேன். கடதாசியைப் பொலித்தீன் உறையில் போட்டு, கொப்பியின் பக்கங்களின் பிரதியோடு சேர்த்து, பேஸ் ட்ரம்மின் உள்ளே உள்வளையத்தில் நூலால் கட்டிவிட்டேன். அடுத்துத் தோலைக் கழற்றுகிறவருக்குக் கிடைக்கும்.